30 வருஷத்துக்கு ரயில் பிளான் போடறது எப்படி? பேசஞ்சர், கூட்ஸ் ரெண்டையும் பத்தி அடிக்கடி கேட்கிற கேள்விகள்

வளர்ந்துட்டு வர்ற ஒரு வட்டாரத்துக்கு இன்னும் 25, 30 வருஷத்துல ரயில் எப்படி இருக்கணும்னு பேச்சு எடுத்தாலே திரும்பத் திரும்ப இதே கேள்விங்க தான் வருது, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடலாம்னு. சில பதில் நீளமா இருக்கும், சிலது நாலு வரில முடிஞ்சிடும், விஷயம் அப்படி.

இன்னிக்கு ஓடற வண்டியே லேட்டு, இதுல 30 வருஷம் கழிச்சு வரப்போறதை இப்போ ஏன் யோசிக்கணும்?

இன்னிக்கு யோசிச்சு ஆரம்பிக்கிற வேலை வண்டி ஓடற நிலைமைக்கு வரவே 15, 20 வருஷம் ஆகிடுது, அதனால தான். லண்டனை கிழக்கு மேற்கா குடைஞ்சுட்டு போற எலிசபெத் லைனுக்கான வழித்தடத்தை 1990களோட ஆரம்பத்துலயே ஒதுக்கி வெச்சாங்க, 1994ல பார்லிமென்ட்ல மசோதா தோத்துப் போச்சு, 2008ல தான் சட்டம் ஆச்சு, வண்டி ஓடினது 2022 மே மாசம். சுவிஸ்ல கோட்ஹார்ட் அடிவார சுரங்கம், 57 கிலோமீட்டர், அதுக்கு மக்கள் ஓட்டு போட்டு சரின்னு சொன்னது 1992ல, திறந்தது 2016ல.

அதெல்லாம் பெரிய சுரங்கம், நம்ம கேஸ் வேறன்னு சொல்லலாம். ஆனா சாதாரண டபுளிங் வேலையை, அதாவது சிங்கிள் லைன் பக்கத்துல இன்னொரு டிராக் போடறதை, எடுத்துக்கிட்டா கூட சர்வே, நில எடுப்பு, அனுமதி, பாலம், யார்டு மாத்தறது, சிக்னல் மாத்தறதுன்னு எல்லாம் வரிசையா நிக்குது, அதுவும் வண்டி ஓடிட்டு இருக்கும்போதே வண்டியை நிறுத்தி கொடுக்கிற கொஞ்ச நேர பிளாக்குல தான் வேலை பாக்க முடியும். இன்னொரு பக்கம் வீடும் குடோனும் தொழிற்பேட்டையும் ரயில் பிளானுக்காக காத்திட்டு இருக்காது, அது பாட்டுக்கு வளரும், லைன் போக வேண்டிய இடத்துலயே வளரும்.

சரி, பிளான் எதுல இருந்து ஆரம்பிக்கணும்? மேப்ல கோடு போட்டா?

பெரும்பாலான இடத்துல அப்படித்தான் நடக்குது, கலர் கலரா கோடு, 2050ன்னு தலைப்பு, எல்லா ஊர் பேரும் இருக்கும், எந்த எம்எல்ஏவும் கோபப்பட மாட்டாரு. ஆனா அந்த கோட்டு மேல மணிக்கு எத்தனை வண்டி, எந்த வேகத்துல, கூட்ஸ் எந்நேரம் போகும்னு கேட்டா பதில் இருக்காது. என்னைக் கேட்டா முதல்ல எழுத வேண்டியது டைம்டேபிள், 25 வருஷம் கழிச்சு ஓட வேண்டிய டைம்டேபிள், அது ஓடறதுக்கு எங்கெங்க என்ன இடிக்குதுன்னு பாத்தா எதைக் கட்டணும்னு தானா தெரிஞ்சிடும்.

இதை உருப்படியா செஞ்சு காட்டினது சுவிட்சர்லாந்து. 1987ல ரயில் 2000ங்கிற திட்டத்துக்கு மக்கள் ஓட்டுல ஒப்புதல் வாங்கினாங்க. ஐடியா ரொம்ப எளிமை: பெரிய ஜங்ஷன் எல்லாத்துலயும் 8:00, 9:00 மாதிரி முழு மணி ஆகறதுக்கு சில நிமிஷம் முன்னாடி எல்லா திசையில இருந்தும் வண்டி வந்து நிக்கணும், ஜனங்க பிளாட்ஃபார்ம் மாறி ஏறிக்கணும், முழு மணி ஆன கொஞ்ச நேரத்துல எல்லா வண்டியும் கிளம்பணும், அடுத்த மணிக்கும் அதே மாதிரி. இது நடக்கணும்னா ரெண்டு ஜங்ஷனுக்கு நடுவுல ஓடற நேரம் 60 நிமிஷத்துக்கு கொஞ்சம் கம்மியாவோ 30க்கு கொஞ்சம் கம்மியாவோ இருந்தாகணும். பெர்ன் சூரிச் நடுவுல ஓட்ட நேரம் ஒரு மணியைத் தாண்டிட்டு இருந்துச்சு, அதை உள்ள கொண்டு வர மட்டும்தான் மாட்ஸ்டெட்டன் ரோத்ரிஸ்ட் புது லைன், சுமார் 45 கிலோமீட்டர், 2004 டிசம்பர்ல திறந்தாங்க. இன்னும் வேகமா போற லைன் போட்டிருக்கலாம், போடல, ஏன்னா 10 நிமிஷம் சீக்கிரம் போய் சேர்ந்தா அங்க கனெக்ஷன் வண்டிக்கு 10 நிமிஷம் சும்மா நிக்கணும், அவ்வளவுதான் லாபம். தேவையான அளவு வேகம் போதும்னு முடிவு பண்ணி மிச்ச பணத்தை மத்த ஊர் லைன்ல போட்டாங்க. வேகத்தைச் சொல்லி தலைப்புச் செய்தி வாங்கற திட்டங்களைப் பாக்கும்போது இந்த கணக்கு தான் எனக்கு ஞாபகம் வரும்.

ஒரே டிராக்குல பேசஞ்சரும் கூட்ஸும் ஓடினா என்ன தப்பு? இத்தனை வருஷமா ஓடிட்டுத்தானே இருக்கு?

தப்பு இல்ல, வண்டி கம்மியா இருக்கிற வரைக்கும். கூடக் கூட வேக வித்தியாசம் தான் டிராக்கை தின்னுது. முந்தவே முடியாத மலை ரோட்டுல ஒரு லோடு லாரிக்கு பின்னாடி மாட்டிக்கிட்ட கார் மாதிரி தான்.

கணக்கு போட்டு பாப்போம். 100 கிலோமீட்டர் லைன், நடுவுல முந்தறதுக்கு இடம் இல்லன்னு வெச்சுக்கோங்க. கூட்ஸ் சராசரி 60 கிலோமீட்டர் வேகத்துல போகுது, 100 நிமிஷம் ஆகும். எக்ஸ்பிரஸ் சராசரி 120, 50 நிமிஷம் போதும். ரெண்டு வண்டிக்கு நடுவுல குறைஞ்சது 5 நிமிஷ இடைவெளி வேணும். கூட்ஸ் 6:00க்கு கிளம்பி 7:40க்கு போய் சேருது, அதுக்கு பின்னாடி வர்ற எக்ஸ்பிரஸ் 7:45க்கு முன்னாடி போய் சேர முடியாது, அப்போ 6:55க்கு முன்னாடி கிளம்பவும் முடியாது. 6:00ல இருந்து 6:55 வரைக்கும் லைன் ஆரம்பத்துல டிராக் காலியா தான் இருக்கு, ஆனா எக்ஸ்பிரஸை விட முடியாது. அதே வேகத்துல போற கூட்ஸா இருந்தா அந்த இடைவெளியில 5 நிமிஷத்துக்கு ஒண்ணா இன்னும் 10 விட்டிருக்கலாம். வெளிய நின்னு பாக்கிறவங்க டிராக் சும்மா தானே கிடக்குன்னு கேக்கறது இதனால தான்.

சரியா நடுவுல, 50வது கிலோமீட்டர்ல ஒரு லூப் லைன், அதாவது வண்டி ஒதுங்கி நிக்கற பக்கத்து டிராக், போட்டா? கூட்ஸ் 6:50க்கு லூப்புல ஒதுங்கும், எக்ஸ்பிரஸ் 6:55க்கு தாண்டிப் போகும், அப்போ அது 6:30க்கே கிளம்பிடலாம். ஒரே ஒரு லூப், 25 நிமிஷம் மிச்சம். ஆனா ரெண்டு விஷயம் பாக்கணும், ஒண்ணு லூப் முழு கூட்ஸையும் உள்ள வாங்கற நீளம் இருக்கணும், இல்லன்னா அது வெறும் அலங்காரம், இன்னொண்ணு 4000 டன் வண்டியை நிறுத்தி மறுபடி கிளப்பி வேகம் எடுக்க வைக்கறதுக்குன்னு தனியா நேரமும் கரன்ட்டும் செலவாகும். எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கற லோக்கலும் கணக்குல கூட்ஸ் மாதிரி தான், மெதுவா போற வண்டி.

இந்த இடத்துல தான் நான் கொஞ்சம் பிடிவாதமா சொல்றது, கூட்ஸுக்குன்னு மணிக்கு ஒரு இடம், ரயில்வேல பாத்ன்னு சொல்வாங்களே அது, டைம்டேபிள்ல முதல் நாளே எழுதி வெச்சிடணும். பேசஞ்சர் எல்லாம் போட்டுட்டு மிச்சம் இருக்கிற இண்டு இடுக்குல கூட்ஸை விடறதுன்னு ஆரம்பிச்சா அது பாதி தூரம் லூப்புல தான் நிக்கும், லாரிக்காரன் அதுக்குள்ள போய் இறக்கிட்டு வந்துடுவான், அப்புறம் பாருங்க சரக்கே இல்லன்னு அடுத்த பிளான்ல எழுதுவாங்க.

ஒரு சிங்கிள் லைன்ல ஒரு நாளைக்கு எத்தனை வண்டி விடலாம்?

இந்திய ரயில்வேல பழைய ஃபார்முலா ஒண்ணு உண்டு, ஸ்காட் ஃபார்முலான்னு சொல்வாங்க. ஒரு நாளைக்கு 1440 நிமிஷம், அதை, எதிர் எதிர் வண்டி ஒண்ணை ஒண்ணு தாண்டற ரெண்டு கிராஸிங் ஸ்டேஷனுக்கு நடுவுல மெதுவான வண்டி எடுத்துக்கற நேரத்தோட சிக்னல் வேலைக்கான நேரத்தையும் கூட்டி, வகுக்கணும், வந்ததை 0.7ஆல பெருக்கணும். ஓட்டம் 15 நிமிஷம், சிக்னலுக்கு 5 நிமிஷம்னா 72, அதுல 70 சதவீதம், சுமார் 50 வண்டி, போறது வர்றது ரெண்டும் சேர்த்து. நடுவுல ஒரு கிராஸிங் ஸ்டேஷன் கூட போட்டு ஓட்டத்தை பாதியாக்கினா 80 வரும்.

அதையே டபுள் லைன் ஆக்கி, ஒரே திசையில 10 நிமிஷத்துக்கு ஒரு வண்டி விடற மாதிரி சிக்னல் வெச்சா 144, அதையும் 0.7ஆல பெருக்கினா ஒரு திசைக்கு 100, ரெண்டுக்கும் 200. அதாவது டிராக் ரெண்டு மடங்கு, கெபாசிட்டி நாலு மடங்கு. எதிர்ல வர்ற வண்டிக்காக நிக்கற வேலையே போயிடுது பாருங்க. ஆனா முன்னாடி சொன்ன வேக வித்தியாசம் இருந்தா இந்த 200 நல்லாவே குறையும்.

அந்த 0.7 எதுக்கு? முழுசா 100 சதவீதமும் ஓட்டினா என்ன?

ஒரு வண்டி 5 நிமிஷம் லேட் ஆனா அன்னிக்கு ராத்திரி வரைக்கும் எல்லா வண்டியும் லேட்டு. ரயில்வேக்கான சர்வதேச அமைப்பான யுஐசி கொடுத்த வழிகாட்டுதல்ல, எல்லா வகை வண்டியும் கலந்து ஓடற லைனுக்கு பீக் நேரத்துல 75 சதவீதம், நாள் முழுக்க சராசரியா 60 சதவீதம், இதுக்கு மேல போகாதீங்கன்னு இருக்கு. வெறும் புறநகர் லோக்கல் மட்டும் ஓடற லைன்னா பீக்ல 85 வரைக்கும் தாங்கும். பராமரிப்புக்கு டிராக்கை மூட நேரம் வேணும்ங்கிறதையும் பல பிளான்ல மறந்துடறாங்க.

புது ஹைஸ்பீட் லைன் ஒண்ணு போட்டுட்டா எல்லாம் சரியாகிடுமா?

பழைய லைன் நெரிசலுக்கு நல்ல மருந்து, அதுல சந்தேகம் இல்ல. 1964ல ஜப்பான் தோக்கைடோ ஷின்கான்சென் போட்டதே டோக்கியோ ஒசாகா பழைய லைன் நிரம்பி வழிஞ்சதால தான், வேகம் அதோட வந்த பரிசு. வேகமான வண்டி எல்லாம் புது லைனுக்கு போயிட்டா பழைய லைன்ல லோக்கலுக்கும் கூட்ஸுக்கும் இடம் கிடைக்கும், வேக வித்தியாசமும் குறையும்.

ஆனா அந்த புது லைன்லயே கூட்ஸும் போகணுமான்னு முதல் நாளே முடிவு பண்ணணும், ஏன்னா ஏத்தத்தோட கணக்கே மாறிடுது. 1981ல வந்த பாரீஸ் லியோன் லைன்ல 3.5 சதவீதம் ஏத்தம் வரைக்கும் இருக்கு, கொலோன் ஃப்ராங்க்ஃபர்ட் லைன்ல 4 சதவீதம், லேசான வேகமான வண்டி அசால்ட்டா ஏறிடும், மலையை அப்படியே தழுவிட்டு போறதால சுரங்கம் கம்மி, செலவு கம்மி. 4000 டன் கூட்ஸ் 1 சதவீத ஏத்தத்துல நின்னா அதை பின்னாடி இழுக்கற விசை மட்டும் 40 டன், 3.5 சதவீதத்துல அதுவே 140 டன், எந்த ஒத்த இன்ஜினும் அதை இழுக்காது. அதனால கூட்ஸும் போகட்டும்னு நினைச்சா ஏத்தத்தை 1.25 சதவீதத்துக்குள்ள வெச்சு நிறைய சுரங்கமும் பாலமும் கட்டணும். ஜெர்மனில ஹனோவர் வூர்ஸ்பர்க் லைனை அப்படித்தான் கட்டினாங்க, 1991ல திறந்தாச்சு, ஆனா சுரங்கத்துக்குள்ள வேகமான பேசஞ்சரும் கூட்ஸும் எதிர் எதிரா போகக் கூடாதுன்னு ராத்திரில மட்டும் தான் கூட்ஸ் போகுது. ரெண்டு வேலைக்கும் ஒரே லைன்னு ஆசைப்பட்டா ரெண்டுக்கும் சேர்த்து காசு கொடுக்கணும், கிடைக்கறது அரைகுறை.

அப்போ கூட்ஸுக்கு தனி லைன் போடறது தான் வழியா?

ட்ராஃபிக் அந்த அளவுக்கு இருந்தா, ஆமா. இந்தியாவுல கிழக்கு சரக்கு வழித்தடம் லூதியானால இருந்து சோன்நகர் வரைக்கும் 1337 கிலோமீட்டர், மேற்கு வழித்தடம் தாத்ரில இருந்து ஜவஹர்லால் நேரு துறைமுகம் வரைக்கும் 1506 கிலோமீட்டர், இதுக்காக 2006ல தனி கம்பெனியே ஆரம்பிச்சாங்க. மேற்குல மின்கம்பியை சுமார் 7.5 மீட்டர் உயரத்துல கட்டினதால ஒரு கன்டெய்னர் மேல இன்னொரு கன்டெய்னர் வெச்சு எலக்ட்ரிக் இன்ஜின்லயே இழுக்கறாங்க.

தனி லைன் எங்க தோக்கும்னா முனையில. நெதர்லாந்துல ரோட்டர்டாம் துறைமுகத்துல இருந்து ஜெர்மன் எல்லை வரைக்கும் 160 கிலோமீட்டர் பேட்டுவே லைன், கூட்ஸுக்கு மட்டுமே, 2007ல திறந்தாங்க. எல்லையைத் தாண்டினா எம்மரிக் ஓபர்ஹவுசன் பகுதியில மூணாவது டிராக் வரணும்னு 1992லயே ரெண்டு நாடும் பேசி வெச்சது, அது இழுத்துட்டே போய் நெதர்லாந்து லைன் திறந்து பல வருஷம் ஆன பிறகு தான் கட்டுமானமே ஆரம்பிச்சுது. 160 கிலோமீட்டர் ஜோரா ஓடி வந்து வாசல்ல கியூல நிக்கறதுக்கு இவ்வளவு செலவு.

அதனால முழு தூரம் தனி லைன் போட காசு இல்லன்னா நெரிசலான கடைசி 30, 40 கிலோமீட்டருக்கு மட்டும் போடறது பல சமயம் புத்திசாலித்தனம். சிட்னில காலை மாலை பீக் நேரத்துல லோக்கல் வண்டிக்காக கூட்ஸை ஊருக்கு வெளியவே நிறுத்தி வெப்பாங்க. 2013ல தெற்கு சிட்னி சரக்கு லைன், வெறும் 36 கிலோமீட்டர் தனி டிராக், அதைப் போட்டதும் அந்தப் பக்கம் இருந்து வர்ற கூட்ஸுக்கு அந்த தடை போயிடுச்சு.

ஊருக்கு நடுவுல கூட்ஸ் போறதால கேட் போட்டு போட்டு எல்லாரும் நிக்கறோம், இதுக்கு என்ன பண்ணலாம்?

ஒண்ணு சுத்தி பைபாஸ் லைன், இல்லன்னா கீழயோ மேலயோ கொண்டு போறது. டொரான்டோ பண்ணினது எனக்கு ரொம்ப பிடிச்ச உதாரணம். கனடியன் நேஷனல் கம்பெனி 1965ல ஊருக்கு வடக்கே பைபாஸ் லைனும் வேகனைப் பிரிச்சு சேர்க்கற பெரிய மார்ஷலிங் யார்டும் கட்டி கூட்ஸை அங்க தள்ளிடுச்சு, ஏரிக்கரை ஓரமா ஊர் நடுவுல போற பழைய லைன்ல இடம் கிடைச்சுது, 1967ல அதுல தான் கோ ட்ரான்ஸிட் புறநகர் ரயில் ஆரம்பிச்சாங்க. பேசஞ்சருக்குன்னு புதுசா லைன் போடாமலே பேசஞ்சர் சேவை வந்துடுச்சு, வேலை நடந்ததெல்லாம் கூட்ஸ் பக்கம்.

லாஸ் ஏஞ்சலஸ், லாங் பீச் துறைமுகத்துல இருந்து வர்ற ஆலமீடா காரிடர் வேற மாதிரி. 32 கிலோமீட்டர், அதுல பாதி தூரம் ரோட்டு மட்டத்துக்கு கீழ பள்ளமா வெட்டி உள்ள டிராக், 2002ல திறந்தாங்க, 200 லெவல் கிராஸிங் காணாமப் போச்சு. ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு கட்டணம் வாங்கி கடனை அடைக்கற ஏற்பாடு. ஆனா பைபாஸ் போட்டுட்டு அதை ஒட்டியே வீட்டு மனை போட அனுமதி கொடுத்தீங்கன்னா 20 வருஷத்துல அதுவும் ஊருக்கு நடுவுல வந்துடும்.

புது டிராக் எதுக்கு, நல்ல சிக்னல் போட்டாலே போதுமே?

எல்லா வண்டியும் ஒரே வேகம்னா பெரிய பலன் கிடைக்கும். கலந்து ஓடற லைன்ல கொஞ்சம் தான், 5 நிமிஷ இடைவெளியை 3 ஆக்கினாலும் மேல சொன்ன 50 நிமிஷ வித்தியாசம் அப்படியே தான் நிக்கும். அதோட நெரிசல் பல சமயம் நடு லைன்ல இருக்காது, ஜங்ஷன்ல ஒரு லைன் இன்னொரு லைனை வெட்டிட்டு போற இடத்துலயும் லைன் முடியற டெர்மினஸ் ஸ்டேஷன் வாயிலயும் தான் இருக்கும். ஒரு மேம்பால டிராக், இல்ல டெர்மினஸை குடைஞ்சு வண்டியை மறுபக்கம் போக விடறது, இதெல்லாம் 50 கிலோமீட்டர் புது டிராக்கை விட அதிகமா உதவலாம். சூரிச்ல 2014ல பண்ணினது இது தான், பெரிய ஸ்டேஷனுக்கு அடியில இன்னொரு குறுக்கு லைன்.

30 வருஷம் கழிச்சு வரப்போற லைனுக்கு இப்பவே நிலத்தை எடுக்கணுமா?

எடுக்கணும்னு இல்ல, காப்பாத்தணும். அந்த தடத்துல யாராவது கட்டிடம் கட்டணும்னு அனுமதி கேட்டா ரயில் பக்கம் கேக்காம கொடுக்கக் கூடாதுங்கிற மாதிரி ஒரு உத்தரவு போதும். எலிசபெத் லைன் விஷயத்துல அது தான் நடந்துச்சு, பார்லிமென்ட்ல தோத்த பிறகும் அந்த காப்பு உத்தரவை எடுக்கல, 20 வருஷமா அந்த தடத்துல யாரு ஆழமா அஸ்திவாரம் தோண்டினாலும் கேட்டுட்டு தான் தோண்டினாங்க. பேப்பர் செலவு தான், ஆனா அது இல்லன்னா லைனே இல்ல.

எதிர்ப்பக்கம் ஸ்காட்லாந்து. எடின்பரோவுல இருந்து தெற்கே போன வேவர்லி லைனை 1969ல மூடி டிராக்கை பிடுங்கிட்டாங்க. பழைய தடத்து மேல சில இடத்துல வீடு வந்துச்சு, ரோடு வந்துச்சு. 2015ல வடக்குப் பகுதியை மட்டும் மறுபடி கட்டும்போது அதையெல்லாம் சுத்தி வளைச்சும் தோண்டியும் போக வேண்டியதாச்சு. அமெரிக்காவுல 1983ல ஒரு சட்டம் கொண்டு வந்தாங்க, ஓடாத லைனை நடைபாதை, சைக்கிள் பாதையா விடலாம், ஆனா தடம் துண்டு துண்டா பிரிஞ்சு போகாது, நாளைக்கு ரயில் வேணும்னா திரும்ப எடுத்துக்கலாம். மூடின லைனை மனை போட்டு விக்கறவங்க இதைப் படிச்சா நல்லது.

ஒதுக்கும்போது அகலமா ஒதுக்குங்க. ரெண்டு டிராக்குக்கு இல்ல, நாலு டிராக்குக்கு. கூட்ஸ் டெர்மினலுக்கு நேரா நீளமான இடம் வேணும், இல்லன்னா 700 மீட்டர் வண்டியை ரெண்டா வெட்டி உள்ள தள்ளணும்.

இப்பவே எதைப் பெருசா கட்டணும், எதை அப்புறம் பாத்துக்கலாம்?

பிறகு மாத்தவே முடியாததை, மாத்தினா வண்டியை மாசக் கணக்குல நிறுத்த வேண்டியதை, முதல்லயே பெருசா கட்டிடணும். பாலம், சுரங்கம், மேல போற ரோட்டுப் பாலத்தோட உயரம், நில அகலம், ஏத்தம், வளைவு. கோச்சு, சிக்னல், ஸ்டேஷன் கட்டிடம் எல்லாம் 30 வருஷத்துல எப்படியும் மாறும்.

இந்தியாவோட சரக்கு வழித்தடத்துல டிராக்கை 25 டன் அச்சு பாரத்துக்கு (ஒரு ஜோடி சக்கரம் டிராக் மேல இறக்கற எடை) போட்டாங்க, ஆனா பாலங்களை 32.5 டன்னுக்கு கட்டினாங்க, நாளைக்கு டிராக்கை மட்டும் மாத்தினா போதும். அது சரியான முடிவு. முன்னாடி சொன்ன ஸ்காட்லாந்து லைனை காசு மிச்சம்னு பெரும்பாலும் சிங்கிள் லைனா கட்டினாங்க, புதுப் பாலம் சிலதும் சிங்கிள் டிராக் அகலம் தான், இனிமே டபுள் ஆக்கணும்னா பாலத்தையும் மறுபடி கட்டணும். சுவிஸ்காரங்களுக்கே இந்த சறுக்கல் உண்டு. 2007ல திறந்த லோட்ச்பெர்க் அடிவார சுரங்கம் 34.6 கிலோமீட்டர், செலவைக் குறைக்க சுமார் மூணுல ரெண்டு பங்கை சிங்கிள் டிராக்கா விட்டாங்க, ரெண்டாவது சுரங்கக் குழாயில ஒரு பகுதி தோண்டி வெறுமனே கிடக்கு, ஒரு பகுதி தோண்டவே இல்ல. திறந்த கொஞ்ச காலத்துலயே நிரம்பிடுச்சு, மீதியை முடிக்க தனியா பணம் ஒதுக்கணும், ஓடிட்டு இருக்கிற சுரங்கத்துல வேலை பாக்கணும்.

இவ்வளவு பேர் போவாங்க, இவ்வளவு டன் வரும்னு சொல்ற கணிப்பை எவ்வளவு நம்பலாம்?

டென்மார்க்ல இருந்த பென்ட் ஃப்ளூபியர்க்னு ஒரு ஆராய்ச்சியாளர், அவரும் அவர் கூட இருந்தவங்களும் 2002லயும் 2005லயும் வெளியிட்ட ஆய்வுகள்ல, ரயில் திட்டங்களோட செலவு சராசரியா 45 சதவீதம் கூடியிருந்துச்சு, வந்த பயணிகள் கணிச்சதுல பாதி கூட இல்ல. அதனால ஒரே ஒரு நம்பரை மட்டும் காட்டற பிளானை சந்தேகத்தோட பாருங்க.

கூட்ஸ்ல ஆபத்து வேற மாதிரி, ஒரே சரக்கை நம்பி இருக்கறது. பிரிட்டன்ல நிலக்கரி தான் ஒரு காலத்துல கூட்ஸோட முதுகெலும்பு, 2015க்கு அப்புறம் அது சில வருஷத்துல சரிஞ்சு போச்சு, கடைசி நிலக்கரி மின் நிலையம் 2024 செப்டம்பர் 30ஆம் தேதி மூடியாச்சு. நிலக்கரிக்குன்னே போட்ட சைடிங் (சரக்கு ஏத்தி இறக்கற கிளை டிராக்) எல்லாம் புல்லு முளைச்சு கிடக்கு. அதனால எந்த சரக்கு வந்தாலும் போனாலும் பயன்படற வேலை எது, ஒரு குறிப்பிட்ட கம்பெனி வந்தா மட்டும் பயன்படற வேலை எதுன்னு பிரிச்சு, முதல் வகையை முன்னாடி செய்யணும். லூப்பை நீளமாக்கறது, ஜங்ஷனை சரி பண்றது எல்லாம் முதல் வகை.

மாத்து வழியே இல்லாத அளவுக்கு ஒரே லைனை நம்பி இருக்கறது ஆபத்தா?

2017 ஆகஸ்ட் 12, ஜெர்மனில ராஸ்டாட் ஊர்ல புது சுரங்கம் தோண்டும்போது மேல ஓடற பழைய லைன் இறங்கிடுச்சு. ரைன் பள்ளத்தாக்கு லைன், ஐரோப்பாவோட முக்கியமான சரக்கு வழி, ஒரு நாளைக்கு 200 கூட்ஸ் வரைக்கும் போற இடம், அக்டோபர் 2 வரைக்கும் மூடிக் கிடந்துச்சு. சுத்து வழி இருந்துச்சு, ஆனா ஒண்ணு சிங்கிள் லைன், ஒண்ணுல மின்கம்பி இல்ல, ஒண்ணுல வேலை நடந்துட்டு இருந்துச்சு, பிரான்ஸ் வழியா போகணும்னா அந்த சிக்னலும் அந்த மொழியும் தெரிஞ்ச டிரைவர் வேணும். ஓரமா போற ஒரு கிளை லைனுக்கு மின்கம்பி போடறது லாப நஷ்ட கணக்குல எப்பவும் தோக்கும், இந்த மாதிரி 7 வாரத்தை யாரும் அந்த கணக்குல சேர்க்கறதில்ல.

டிராக் ஒருத்தரோடது, வண்டி இன்னொருத்தரோடதுன்னா பிளான் யாரு போடறது?

இது தான் பல இடத்துல உண்மையான முட்டுக்கட்டை. அமெரிக்காவுல நாடு முழுக்க பயணிகள் வண்டி விடற ஆம்ட்ராக் ஓடற தூரத்துல சுமார் 70 சதவீதம் கூட்ஸ் கம்பெனிங்க டிராக் மேல தான். பயணிகள் வண்டிக்கு முன்னுரிமை கொடுக்கணும்னு 1973ல இருந்தே சட்டம் இருக்கு, இருந்தும் 3 கிலோமீட்டர் நீள கூட்ஸ் லூப்புக்குள்ள நுழையாதுன்னா பயணிகள் வண்டி தான் ஒதுங்கணும், சட்டம் என்ன பண்ணும். வர்ஜீனியா மாநிலம் 2019ல வேற வழி எடுத்துச்சு, சிஎஸ்எக்ஸ்ங்கிற கூட்ஸ் கம்பெனிகிட்ட இருந்து தடத்தையும் நிலத்தையும் காசு கொடுத்து வாங்கி, போட்டோமேக் ஆத்து மேல பழைய பாலத்துக்கு பக்கத்துலயே பயணிகள் வண்டிக்கு தனி பாலம்னு முடிவு பண்ணினாங்க. கெஞ்சிட்டு இருக்கறதை விட வாங்கிடறது சுலபம், காசு இருந்தா.

ஊர் வளர்ற திசைக்கும் ரயில் பிளானுக்கும் என்ன சம்பந்தம்?

கோபன்ஹேகன்ல 1947லயே விரல் திட்டம்னு ஒண்ணு போட்டாங்க, ஊர் உள்ளங்கை, புறநகர் எல்லாம் ரயில் லைனை ஒட்டி விரல் மாதிரி நீளணும், நடுவுல பச்சையா விட்டுடணும்னு. இன்னிக்கும் பெரிய அலுவலகம் கட்டணும்னா ஸ்டேஷன்ல இருந்து நடக்கற தூரத்துல கட்டணும்ங்கிற மாதிரி விதி அங்க இருக்கு. இதே விதியை குடோனுக்கும் போடணும்ங்கிறது என் கட்சி. லாஜிஸ்டிக்ஸ் பார்க் எல்லாம் ஹைவே ஓரமா வந்துட்ட பிறகு சரக்கை ரயிலுக்கு மாத்துங்கன்னு கூட்டம் போட்டு பேசறதுல அர்த்தம் இல்ல, சைடிங் வராத இடத்துல குடோன் வந்தா அது எப்பவுமே லாரிக்கு தான்.

ராத்திரி கூட்ஸ் சத்தம்?

சத்தத்துல பெரும்பங்கு பழைய வார்ப்பிரும்பு பிரேக் கட்டைனால சக்கரம் சொரசொரப்பா ஆகறதால வர்றது. கட்டையை மாத்தினாலே நல்லா குறையும். சுவிட்சர்லாந்தும் ஜெர்மனியும் 2020ல இருந்து சத்தம் போடற பழைய வேகனை தடை பண்ணிட்டாங்க. பிளான் போடும்போதே சத்தத் தடுப்பு சுவருக்கும் காசு எழுதிடுங்க, பிறகு கேஸ் போட்டு வாங்கறதை விட மலிவு.

ஆட்சி மாறினா பிளான் குப்பைக்கு போயிடுமே, அதுக்கு என்ன வழி?

முழுசா வழி இல்ல. சுவிஸ்ல 2014ல மக்கள் ஓட்டு போட்டு ரயில் கட்டுமானத்துக்குன்னு நிரந்தர நிதியை அரசியல் சட்டத்துலயே வெச்சுட்டாங்க, 2016ல இருந்து அது நடைமுறையில இருக்கு, அடுத்தடுத்த கட்டமா என்ன கட்டறதுன்னு பார்லிமென்ட் முடிவு பண்ணும், ஒரு கட்டம் தள்ளிப் போனாலும் பணம் வேற எங்கயும் ஓடிடாது. கட்டத்தை பிரிக்கும்போது ஒவ்வொண்ணும் தனியா நின்னாலும் பயன்படற மாதிரி பிரிக்கணும், முதல் கட்டம் முடிஞ்சு ரெண்டாவது வராமலே போனா முதல் கட்டம் மட்டும் என்ன செய்யும்னு கேட்டுப் பாக்கணும்.

பிரிட்டன்ல லண்டன்ல இருந்து வடக்க போற எச்எஸ்2 ஹைஸ்பீட் லைன் திட்டத்துக்கு இந்த கேள்விக்கு நல்ல பதில் இல்ல. பழைய மேற்குக் கடற்கரை லைன்ல இடம் இல்லங்கிறது தான் அடிப்படை காரணம், ஆனா ஜனங்ககிட்ட வித்தது வேகத்தை, 20 நிமிஷம் சீக்கிரம் போறதுக்கு இவ்வளவு கோடியான்னு எல்லாரும் கேட்டாங்க, செலவும் ஏறிட்டே போச்சு. 2023 அக்டோபர்ல பர்மிங்ஹாமுக்கு வடக்க போற பகுதியை ரத்து பண்ணிட்டாங்க. இனி லைன் திறந்தாலும் அந்த வண்டிங்க பர்மிங்ஹாம் தாண்டினதும் அதே நெரிசலான பழைய லைன்ல தான் ஏறணும், கூட்ஸோட இடத்துக்கு போட்டியா. 2024 ஜனவரில பர்மிங்ஹாம் குரூ நடுவுல இருந்த நில காப்பு உத்தரவையும் எடுத்துட்டாங்க.